தலைவரின் தமிழ் வாய்

இப்ப போன்ல பேசினிய பாருங்க, அது இந்திதான? காதுல விழுந்ததும் உடம்பு சிலிர்த்துட்டு. தப்பா நினைக்காதிய தம்பி, ஒட்டுக்கேக்கிற புத்தி எனக்குக் கிடையாது. இந்த ரூட்டு பஸ்ஸுல இந்திச் சத்தம் கேட்டு எத்தனையோ வருசம் ஆவுது. பட்டாளமா? முடிவெட்டைப் பாத்தே நினைச்சேன். ஜான்சியில இருக்கியளா! அப்படிச் சொல்லுங்க, சுத்தமான இந்தி பேசுற சீமைலா அது. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, வெயிலு மூஞ்சியில அடிக்கி.

என் பேரு சவரிராயன். தூத்துக்குடியில ஒரு உப்புக் கம்பெனியில கணக்கு எழுதி ரிட்டயர்டு ஆனவன். அது சோத்துக்குச் செஞ்ச வேலை. ஆனா நான் யாருன்னு கேட்டா வேற கதை. திரிலோக்நாத் பாண்டேன்னு ஒரு தலைவர் இருந்தாரே, கேள்விப்பட்டிருக்கியளா? இல்லையா? சரி, உங்க வயசு அப்படி. மத்திய மந்திரியா இருந்த மனுசன் தம்பி. ஆயுசு இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா பிரதமர். அவரு தெக்க வந்து கூட்டத்துல பேசினா, பக்கத்துல இன்னொரு மைக்குல நின்னு தமிழ்ல சொன்னது நான்தான். "தலைவரின் தமிழ் வாய்"னு நோட்டீஸுலயே போட்டாவ. பெருமைக்குச் சொல்லல. பெருமைதான், இருந்துட்டுப் போட்டுமே.

எங்க போறேன்னு கேட்டியல்லா? தங்கச்சி வீட்டுக்கு. நாளைக்குக் காலையில அவ மகளுக்குக் கல்யாணம். கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு ஊருக்கு அறிவிச்சாச்சு. அந்தப் பிள்ளைக்கு அப்பன் இல்ல. அப்பன் இல்லாத பிள்ளையைக் கைபிடிச்சுப் பீடத்துக்குக் கூட்டிட்டுப் போறது யாரு? தாய்மாமன்தான? அவளுக்கு உள்ளது ஒரே மாமன், அது நான். ஆனா எனக்கு அழைப்பு இல்ல. தங்கச்சி என்கிட்ட பேச்சுவார்த்தையை விட்டு எவ்வளவோ காலம் ஆயிட்டு. அம்மையே மகளைக் கூட்டிட்டுப் போவான்னு பங்குச் சாமியார் சொன்னாரு. சொல்லிட்டு என் மூஞ்சியைப் பாக்காம புஸ்தகத்தைப் புரட்டுனாரு. எல்லாம் ஒரு சொல்லால வந்தது தம்பி. ஒரே ஒரு சொல்லு.

இருங்க, முதல்லருந்து சொல்லுதேன். நான் இந்தி படிச்சதே ஒரு கூத்து. ஊரெல்லாம் இந்தி வேண்டாம்னு போர்டுல தார் பூசின காலம். எங்க முதலாளி குஜராத்திக்காரரு. இந்தி தெரிஞ்சா மேசை நாற்காலி போட்டு உக்கார வைப்பாருன்னு எவனோ சொன்னான். தபால்ல புஸ்தகம் வரவழைச்சுப் படிச்சேன். மத்யமா பாஸு. அதுக்கு அடுத்த பரீட்சை அன்னைக்குக் காய்ச்சல், போகல. போயிருந்தா முதல் வகுப்பு, அதுல சந்தேகமே இல்ல. ஒரு ரகசியம் சொல்லட்டுமா? இந்தியில பாதி நம்ம வார்த்தைதான். கோயில்ல பழைய சாமியார்மாரு பிரசங்கம் கேட்டு வளந்தவனுக்கு அது ஒரு கஷ்டமே இல்ல. காதை மட்டும் தீட்டி வச்சிக்கிடணும். என் காது அப்படிப்பட்ட காது. ஒரு தடவை கேட்டதை இன்னைக்கும் சொல்லு மாறாமச் சொல்லுவேன்.

திரிலோக்ஜி லேசுப்பட்ட ஆளு இல்ல, தம்பி. இள வயசுல, உழுதவன் பேர்லயே நிலத்தை எழுதி வைக்கணும்னு ஒரு ஜமீன்தாரோட மல்லுக்கு நின்னு ஜெயிலுக்குப் போனாரு. அந்த ஜமீன்தார் யாருன்னு நினைக்கிய? அவரு சொந்த மாமனாரு! பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அப்பன் வீட்டுக்குப் போயிட்டாளாம். போனா போறான்னு இருந்துட்டாரு. உணவு இலாகா கையில வந்ததும் ரேஷன்ல கம்பும் கேப்பையும் போடச் சொன்னாரு. அரிசியும் கோதுமையும் மட்டுந்தான் தானியமான்னு கேட்டாரு. டெல்லியில எல்லாரும் சிரிச்சாவ. இப்பப் பாருங்க, சுகர்காரன் பூராவும் கம்பங்கூழைத் தேடி அலையுதான்.

பிறகு துறைமுக இலாகா. நாட்டுக்குக் கதவு வேணும், துறைமுகந்தான் கதவுன்னாரு. கிழக்கயும் மேற்கயும் கட்டிக்கிட்டே போனாரு. எங்க ஊரு வெள்ளிமுனைக்குத் தெக்கயும் ஒண்ணு வந்துது. கடலுக்குள்ள கண்ணுக்கெட்டின தூரம் கல்லுச் சுவரு. அந்தச் சுவரு வந்த பிறகுதான் எங்க கரையைக் கடல் திங்க ஆரம்பிச்சுதுன்னு படிச்சவனுவ சொல்லுதானுவ. அந்தச் சங்கதியெல்லாம் எனக்குத் தெரியாது. கடல்னா எங்கயாவது ஒரு பக்கம் திங்கத்தான செய்யும்? அதுக்காக நாட்டுக்குக் கதவு வேண்டாம்னு சொல்ல முடியுமா?

மேடையில அவரு பேச்சு வறட்சியா இருக்கும், உள்ளதைச் சொல்லணும்லா. "பாயியோ, பெஹனோ"ன்னு ஆரம்பிச்சு, செய்தி வாசிக்கிற மாதிரி போவாரு. அதை அப்படியே தமிழ்ல சொன்னா சனம் எந்திரிச்சுப் போயிரும். நான் என்ன செய்வேன்னா, "என்னைப் பெறாமப் பெத்த தாய்மாரே, அலையோட மல்லுக்கட்டுற என் உடன்பிறப்புகளே"ன்னு ஒரு இழுப்பு இழுப்பேன். கைதட்டு அள்ளும். அவரு திரும்பி என்னைப் பாப்பாரு. ரெண்டு சொல்லுக்கு இவ்வளவு கைதட்டான்னு அவருக்கே ஆச்சரியம். ஒரு தடவை கார்ல ஏறும்போது, "ஆப் பஹுத் லம்பா போல்தே ஹைங்"னாரு. நீட்டமாப் பேசுதேன்னு பாராட்டு. எத்தனை பேருக்குக் கிடைக்கும் அப்படி ஒரு வார்த்தை?

ஆனா அவரு சொன்னதை அதிகாரிமாரு எங்க செஞ்சாவ? திருச்செந்தூர் கூட்டத்துல, "ஹர் காவ்ங் கோ சிக்‌ஷா"ன்னாரு. ஊருக்கு ஊரு சிட்சை! லஞ்சம் வாங்குறவன், ரேஷன் அரிசி கடத்துறவன், ஒருத்தனை விட மாட்டேன், ஊருக்கு ஊரு கட்டி வச்சுச் சிட்சை குடுப்பேன்னு நான் சொன்னதும் சனம் எந்திரிச்சு நின்னு ஆர்ப்பரிச்சுது. பிறகு என்ன நடந்துது? ஒரு லஞ்சக்காரனைத் தொடல. ஊருக்கு ஊரு பள்ளிக்கூடத்தைக் கட்டிட்டுப் போயிட்டானுவ. தலைவரு சொன்னது ஒண்ணு, இவனுவ செஞ்சது ஒண்ணு. என்ன சிரிக்கிய? இருமலா? தண்ணி இருக்கு, குடிங்க.

சரி, வெள்ளிமுனைக்கு வாரேன். இடைத்தேர்தல் நேரம். கடல் அப்பவே கரையில சிலுவை நட்ட குருசடி வரைக்கும் வந்துட்டு. முன்வரிசை வீடுகள்ல அலைத்தண்ணி வாசல்ல ஏறி எறங்குது. எங்க ஆளுக கேட்டது ஒண்ணே ஒண்ணு, தூண்டில் வளைவு. உங்க ஊருப் பக்கம் அது இருக்காது. கடலுக்குள்ள வளைவாப் பாறாங்கல்லைக் கொட்டி அலை வேகத்தை முறிக்கிறது. திரிலோக்ஜி எங்க ஊருக்கே வந்தாரு. என் சொந்த ஊரு! கோயில் முன்னால மணல்ல மேடை. படகுச் சங்கத்துத் தலைவரு எந்திரிச்சு மைக்கைப் பிடிச்சான். அவன்தான் இன்னாசி, என் தங்கச்சி ரீத்தம்மா புருசன். "ஐயா, எங்க வீட்டைக் கடல் கொண்டு போவுது, கல்லுப் போட்டுத் தாங்க"ன்னான். வேற எதுவும் பேசல. பேசத் தெரியாது அவனுக்கு.

நான் தலைவரு காதுல இந்தியில சொன்னேன். அவரு கடலைப் பாத்தாரு. மைக்குல சொன்னாரு: "அவ்சர் ஆனே பர் ஜரூர் தேகேங்கே."

இன்னைக்கும் அந்தக் குரலு காதுக்குள்ள இருக்கு. நீங்களே இந்தி தெரிஞ்ச ஆளு, நல்லாக் கேட்டுக்கிடுங்க. அவ்சர், அவசரம். அதோட விட்டாரா? ஜரூர்னும் சொன்னாரு. வேலை ஜரூரா நடக்குன்னு நாமளே சொல்லுதோம்லா? அவசரம், ஜரூரு, ரெண்டையும் சேத்துச் சொன்னாரு தம்பி. கடைசியில தேகேங்கே, பாப்போம். பாப்போம்னா நம்ம ஊர்ல கையை விரிக்கிறதுன்னு அர்த்தம். அவ்வளவு பெரிய மனுசன் கையை விரிப்பாரா? அதனால நான் எப்படிச் சொன்னேன்னா, "இது அவசரம்! அவசரம்னு எனக்குத் தெரியும்! ஜரூரா வேலை நடக்கும், கல்லு வந்து எறங்கும், நானே நேர்ல வந்து நின்னு பாப்பேன்!"னேன். கல்லுங்கிற சொல்லு அவரு வாயில வரலதான். கல்லு எறங்காம எதை வந்து பாப்பாரு? பொம்பளையாளுக குலவை போட்டாவ. இன்னாசி மேடைக்கு வந்து அவரு காலைத் தொடப் போனான், அவரு தடுத்துட்டாரு. கீழ எறங்கி என்னைக் கட்டிப்பிடிச்சான். அவன் சட்டையெல்லாம் மீன் வாடை. எனக்கு அழுகை வந்துட்டு.

தேர்தல் முடிஞ்சுது, ஜெயிச்சாச்சு. கொஞ்ச நாளையில கலெக்டர் ஆபீஸ்லருந்து ஆளு வந்து, மேற்க பனங்காட்டுல ஆளுக்கு ஒரு மனை தாரோம், கடலோரத்தைக் காலி பண்ணுங்கன்னான். சனம் ரெண்டுபட்டுப் போச்சு. பனங்காட்டுக்குப் போனா படகை எங்க கட்டுறது, வலையை எங்க காயப்போடுறது? இன்னாசி பஸ் ஏறி என்னைத் தேடித் தூத்துக்குடிக்கு வந்தான். உப்பு ஆபீஸு வாசல்ல நின்னுக்கிட்டு, "மச்சான், அவரு உறுதியாச் சொன்னாரா?"ன்னு கேட்டான். "ஏல, நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"ன்னேன். "நான் கேட்டது ஒங்க வாயிலருந்துதான மச்சான்"னான். "அவரு வாய்னா என்ன, என் வாய்னா என்ன, எல்லாம் ஒண்ணுதாம்ல. கல்லு வரும், போ"ன்னேன். டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்கல. சரி மச்சான்னு போயிட்டான். போயி மனை வேண்டாம்னு சொன்னதுல முதல் ஆளு அவன்தான். அவன் சொன்னான்னு மத்தவனுவளும் இருந்துட்டானுவ.

நான் சும்மாவா இருந்தேன்? ஊருக்குப் போறப்பல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தேன். கல்லு மலையில உடைச்சாவுது, லாரிக்கு ஏற்பாடு நடக்குன்னு சொன்னேன். நடந்துருக்கும்லா? அவசரம்னு ஒரு மந்திரி சொன்னா எங்கயாவது நடந்துதான இருக்கும். அதுக்குள்ள டெல்லியில சதி. கட்சிக்குள்ள சண்டையில திரிலோக்ஜி ராஜினாமா பண்ணிட்டாரு. கொள்கைக்காகப் பதவியைத் தூக்கி எறிஞ்சாரு தம்பி! மனுசன்னா அவரு. அந்த ராஜினாமாப் பேச்சை ரேடியோவுல கேட்டு நான் அன்னைக்குச் சாப்பிடவே இல்ல.

ஆனி மாசம் கடல் பொங்கிட்டு. விடிஞ்சு, கோயில்ல பூசை முடிஞ்ச நேரம். முன்வரிசை வீடுக ஒண்ணொண்ணா உக்காந்துது. ரீத்தம்மா பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கு ஓடியிருக்கா. இன்னாசியும் வெளிய வந்துட்டான். பக்கத்து வீட்டுக் கிழவி உள்ள கிடக்கான்னு மறுபடி உள்ள போனான். கிழவியைத் தூக்கி ஜன்னல் வழியாக் குடுத்துட்டான். பிறகு சுவரு விழுந்துட்டு.

அவ்வளவுதான்.

நான் போனேன். பெட்டியைக் கோயில்ல வச்சிருந்தாவ. ரீத்தம்மா அழல. என்னைப் பாத்தா. "அண்ணே, அவரு டெல்லிக்காரனை நம்பி நிக்கல. உன்னை நம்பித்தான் நின்னாரு"ன்னா. அதுக்குப் பிறகு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட வாய் திறக்கல. கல்லறைத் திருநாளுக்கு நான் ஒரு பக்கம் மெழுகுதிரி வச்சா, அவ வந்து அடுத்த பக்கம் வச்சுட்டுப் போவா. என் திரியை அணைக்க மாட்டா. அந்த மட்டுக்கும் மனசு இருக்கு.

நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன பிழை? சொன்னவரு சொன்னாரு, நான் சொன்னதைச் சொன்னேன். செய்ய வேண்டியவன் செய்யல. அடுத்த வருசம் திரிலோக்ஜி மதுரைக்கு வந்தப்ப, கூட்டத்தை இடிச்சுக்கிட்டுப் போயி அவரு முன்னால நின்னேன். பாவம், உடம்பு ரொம்பத் தளந்துட்டு, மூணு பேரு தாங்கிப் பிடிச்சிருந்தானுவ. "ஹுஜூர், வெள்ளிமுனைக்குப் பத்தர் வரல"ன்னு இந்தியில சொன்னேன். பத்தர்னா கல்லு. அவரு என்னை உத்துப் பாத்தாரு. "கோன் சா பத்தர்?"னு கேட்டாரு.

எந்தக் கல்லு?

அப்படித்தான் கேட்டாரு. எத்தனை ஊரு, எத்தனை துறைமுகம் அவருக்கு. கருங்கல்லா, சிமெண்டுக் கல்லான்னு விவரம் கேக்காரு. "காலா பத்தர், ஹுஜூர், கருங்கல்லு"ன்னேன். தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. பதவி இல்லாத நேரத்துலயும் விவரம் கேட்ட மனுசன் தம்பி. அந்தக் குளிர்காலத்துலயே செத்துப் போயிட்டாரு. இருந்திருந்தா கல்லு வந்திருக்கும். நீங்க என்ன சொல்லுதிய? வந்திருக்கும்லா?

ஜன்னல் பக்கம் திரும்பிட்டிய. சரி.

இதுக்கு எடையில ஒரு சிஸ்டர் வந்து சேந்தா. கான்வென்ட்டுல இந்தி டீச்சரு, பாலக்காட்டுக்காரி. ரீத்தம்மா அங்கதான் சமையலுக்கு இருக்கா. அந்த சிஸ்டர்கிட்ட என் தங்கச்சி இந்தச் சொல்லைப் போயிக் கேட்டிருக்கா. எப்படி ஞாபகம் வச்சிருந்தான்னு தெரியல. நான் வீட்டுல பெருமையாத் திருப்பித் திருப்பிச் சொன்னதுதான காரணம். சிஸ்டர் சொல்லியிருக்கா, அவ்சர்னா அவசரம் இல்லையாம், சந்தர்ப்பமாம். ஜரூர்னா நிச்சயமாம். "சந்தர்ப்பம் வந்தா நிச்சயம் பாப்போம்", இவ்வளவுதான் அவரு சொன்னதாம். அவ புஸ்தகத்துல படிச்சவ! மேடையில அவரு பக்கத்துல நின்னவளா அவ? கடலைப் பாத்துக்கிட்டு அவரு சொன்னப்ப அந்தக் கண்ணைப் பாத்தவளா? கண்ணுல அவசரம் இருந்துது தம்பி. நான் பாத்தேன்.

அந்தா பனங்காடு தெரியுது பாருங்க. அங்கதான் எல்லாரையும் கொண்டு வச்சாவ, பிறகு. எங்கள மாதிரி தொண்டர்மாரு போராடி அந்த இடத்துக்குத் திரிலோக்நாத் நகர்னு பேரு வாங்கினோம். ரோட்டு முகப்புல பேரு எழுதி வளைவே வச்சிருக்கு. பேரு நிலைச்சுட்டுல்லா? என் தங்கச்சி மட்டும் யாரு கேட்டாலும் பனங்காடுன்னுதான் சொல்லுவாளாம். சொல்லிட்டுப் போறா.

அடுத்த ஸ்டாப்பு என்னுது. நீங்க கடைசி வரைக்கும்லா போறிய? தம்பி, நான் ஒண்ணு கேக்கேன், தட்டாதிய. என்கூட எறங்குங்க. கொஞ்ச நேரந்தான், பின்னாலயே அடுத்த பஸ்ஸு வரும், நானே ஏத்தி விடுதேன். பந்தல் போட்ட வீடு, ரோட்டுலருந்து கூப்பிடு தூரந்தான். நீங்க உள்ள போயி, பட்டாளத்துலருந்து வாரேன், ஜான்சியில இருக்கேன், இந்தி எனக்கு அத்துப்படின்னு சொல்லுங்க. பட்டாளத்தான் சொன்னா நம்புவா. எனக்கு யாரு தெரியும், எவரு தெரியும், கடவுளாப் பாத்து உங்களை இந்த சீட்டுல உக்கார வச்சிருக்காரு. நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே அவகிட்ட சொல்லி, தமிழ்லயும் சொல்லிருங்க. ஒண்ணும் கூட்ட வேண்டாம், ஒண்ணும் குறைக்க வேண்டாம். நான் வெளியவே நிக்கேன். வான்னு அவ ஒரு சொல்லு சொன்னாப் போதும்.

என்ன தம்பி, தலையைக் குனிஞ்சுட்டிய? அவ்சர் ஆனே பர். சரியாத்தான சொன்னேன்? காது எனக்குத் தப்பாது. நீங்க ஒரு தடவை சொல்லுங்களேன், தமிழ்ல. இங்கயே சொல்லுங்க, எனக்கு மட்டும்.

வேண்டாம். வேண்டாம், சொல்லாதிய.

கண்டக்டரு விசில் அடிக்கான், எந்திரிங்க. பையைக் குடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன். எந்திரிங்க தம்பி. அர்த்தம் என்னவா வேணும்னாலும் இருந்துட்டுப் போட்டும். ஜான்சியில எதுவோ, பாலக்காட்டுல எதுவோ. இங்க வந்து, என் தங்கச்சி முன்னால, அவசரம்னே சொல்லிருங்க. ஒரு சொல்லுதான? அந்தப் பிள்ளை நாளைக்கு என் கையைப் பிடிச்சுல்லா நடக்கணும்.